மின்கம்பி எட்டாத இடத்தில் புவிவெப்பம்: மின்சாரம் சரி, ஹைட்ரஜன் எப்போது?

மின்கம்பி எட்டாத, டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் ஒரு மலைப்பகுதி. அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. கிணறு தோண்டி மின்சாரம் எடுத்து, ஊருக்குப் போக மிஞ்சுவதை ஹைட்ரஜனாக்கி வெளியே விற்றால் திட்டம் தன் செலவைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழில்நுட்ப ரீதியாக முடியுமா என்றால், முடியும். அதில் பெரிய சந்தேகம் இல்லை. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஊரின் தேவை சின்னது, கிணறு தரக்கூடியது பெரியது, மிச்சத்தை வெளியே கொண்டுபோகக் கம்பி கிடையாது. இந்தப் பொருத்தமின்மையை ஹைட்ரஜன் சரிசெய்யுமா? இதற்கு என் பதில்: சில இடங்களில் செய்யும், பெரும்பாலான இடங்களில் செய்யாது. எந்த வகை இடம் என்பதை ஓரளவு முன்கூட்டியே பிரித்தறியவும் முடியும். புவிவெப்பக் கிணறுகளைச் சோதிப்பதும், நிலத்தடி வெப்பத்தேக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் என் சொந்தத் துறை கிடையாது. அந்தப் பக்கத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து உழைத்த அளவுக்குத்தான் பழக்கம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிச்சயமான விஷயங்கள். புவிவெப்ப மின்சாரம் புதிதில்லை. இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-ல் நிலத்தடி நீராவியால் ஐந்து பல்புகளை எரித்துக் காட்டினார்கள். 1913-ல் அங்கேயே 250 கிலோவாட் நிலையம் வந்தது. நியூசிலாந்தின் வைராகே 1958-லிருந்து ஓடுகிறது. ஒதுக்குப்புறமான இடங்களுக்கும் உதாரணங்கள் உண்டு. அலாஸ்காவின் சேனா ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் 2006-லிருந்து வெறும் 74 டிகிரி வெந்நீரை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். இது வணிக ரீதியில் பயன்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலைகளில் ஒன்று. அங்கே குளிர்விக்கப் பனிக்குளிர் நீர் தாராளமாகக் கிடைத்ததால்தான் அது நடந்தது, ஏனென்றால் டர்பைனுக்கு வேண்டியது வெப்பத்துக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், கடல்மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில், செரோ பாபெயோன் நிலையம் 2017-ல் 48 மெகாவாட்டோடு தொடங்கியது. ஆக, உயரமோ குளிரோ தூரமோ தனியாக ஒரு திட்டத்தைக் கொன்றுவிடுவதில்லை.

பலரும் தவறவிடுவது சிறிய அளவில் வரும் கணக்கு. 120 டிகிரி வெந்நீர் விநாடிக்கு 50 லிட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 70 டிகிரி வரை குளிரவிட்டால் சுமார் 10 மெகாவாட் வெப்பம் வரும். இந்த வெப்பநிலைக்குப் பொருந்துவது பைனரி வகை நிலையம். வெந்நீர் தன் வெப்பத்தைக் குறைந்த கொதிநிலை கொண்ட இன்னொரு திரவத்துக்குக் கொடுக்கும், அந்தத் திரவத்தின் ஆவி டர்பைனைச் சுற்றும். இதில் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகும், அதாவது 1 மெகாவாட். அப்புறம் கிணற்றுப் பம்பும் குளிர்விக்கும் விசிறிகளும் அதிலேயே கை வைக்கும். கடைசியில் ஊருக்கு 700 அல்லது 800 கிலோவாட் வந்தால் நல்லது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூரான பேர்ட்ஸ்வில்லில் தன் அழுத்தத்தாலேயே மேலே வரும் 98 டிகிரி ஆர்ட்டீசியன் நீரில் ஓடிய நிலையம் 120 கிலோவாட் உற்பத்தி செய்து, தன் தேவை போக 80 கிலோவாட்தான் வெளியே கொடுத்தது. உங்கள் ஊற்றுக்கு அடியில் இருப்பது இந்த ரகம் என்றால், அதிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிற பேச்சே வேண்டாம். கிடைப்பது ஊருக்கே சரியாகப் போய்விடும். அந்த டீசல் மிச்சமானாலே பெரிய காரியம்.

தேக்கத்தின் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் என்றால் கதை மாறும். அங்கே நல்ல கிணறு ஒன்று 3 முதல் 8 மெகாவாட் வரை கொடுக்கலாம். சில நூறு வீடுகளுக்கு ஒரு மெகாவாட் போதும் எனும்போது, மிச்சம் பற்றிய உங்கள் கேள்வி இங்கேதான் எழுகிறது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சூரிய ஒளியும் காற்றும் பிடிக்காவிட்டால் போய்விடும், அதனால் மிஞ்சிய மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கு என்பது அங்கே பொருந்தும் வாதம். புவிவெப்பத்தில் நீங்கள் எடுக்காத வெப்பம் நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. வால்வைக் குறைத்தால் அது நாளைக்கும் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும். அதிகமாக உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் தி கீசர்ஸ் சாட்சி. 1980களின் கடைசியில் உச்சம் தொட்ட அந்தப் புவிவெப்ப வயல் (நீராவிக் கிணறுகள் நிறைந்த பகுதி), நீராவி அழுத்தம் இறங்கி மளமளவென்று சரிந்தது. பிறகு பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்தித்தான் நிலைநிறுத்தினார்கள். ஆகவே ஹைட்ரஜனுக்காக எடுக்கும் வெப்பம் இலவச மிச்சம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதற்காகத் தோண்டும் கிணற்றின் செலவை ஹைட்ரஜனே சம்பாதித்தாக வேண்டும்.

அதே சமயம் புவிவெப்பத்துக்கு ஹைட்ரஜன் விஷயத்தில் ஒரு உண்மையான பலம் இருக்கிறது. எலக்ட்ரோலைசர் விலையுயர்ந்த இயந்திரம். சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பினால் அது வருடத்தில் 2,000 மணி நேரம் சொச்சம்தான் முழு அளவில் ஓடும். புவிவெப்பத்தில் 8,000 மணி நேரம் ஓட்டலாம். முதலீட்டின் சுமை ஒவ்வொரு கிலோவின் மீதும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அடிக்கடி நின்று நின்று ஓடாததால் இயந்திரத்தின் தேய்மானமும் குறையும்.

இனி ஹைட்ரஜன் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய எலக்ட்ரோலைசர்களுக்கு, துணைக் கருவிகளையும் சேர்த்து, 50 முதல் 55 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் பயன்படக்கூடிய ஆற்றல் சுமார் 33 கிலோவாட் மணி. 10 மெகாவாட் மின்சாரத்தை நாள் முழுக்க இதற்கே கொடுத்தால், பராமரிப்பு நேரம் போக, தினம் 4 டன் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அழுத்தப்பட்ட ஹைட்ரஜனை எஃகுக் குழாய்களில் ஏற்றிச் செல்லும் வழக்கமான ட்ரெய்லர் ஒன்று 300, 400 கிலோவுக்கு மேல் சுமக்காது. வாயு அவ்வளவு லேசானது, உருளைகள் அவ்வளவு கனமானவை. அதாவது தினம் பத்துக்கும் மேற்பட்ட கனரக வண்டிகள் மலைப்பாதையில் இறங்கி ஏற வேண்டும், மழையிலும் பனியிலும். திரவமாக்கினால் இடம் சுருங்கும், ஆனால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்கவே ஒரு கிலோவுக்கு இன்னொரு 10 கிலோவாட் மணி போய்விடும், அந்த ஆலையும் சிறிய அளவில் கட்டுப்படியாகாது. இந்த ஹைட்ரஜனைக் கீழே கொண்டுபோய் மறுபடி மின்சாரமாக்குவதென்றால் முதலில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பி வருவது கஷ்டம். மின்சாரத்தை மின்சாரமாகவே வெளியே அனுப்பும் நோக்கம் இருந்தால், நூறு கிலோமீட்டர் மலைக்கம்பியின் செலவை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் கம்பிதான் ஜெயிக்கும்.

விலையும் அப்படித்தான். புவிவெப்ப மின்சாரம் நல்ல வயலில் ஒரு கிலோவாட் மணி 7 அமெரிக்க சென்ட் என்று வைத்தாலும், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மின்சாரம் மட்டுமே 3.50 டாலரைத் தாண்டுகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன், எரிவாயு மலிவாக இருக்கும் நாடுகளில், ஆலை வாசலில் 1 முதல் 2 டாலருக்குக் கிடைக்கிறது. ஒதுக்குப்புறமான இடத்தில் 7 சென்ட்டுக்கு மின்சாரம் வருவதும் அபூர்வம். சாலை, முகாம், கிணறு துளையிடும் இயந்திரமான ரிக்கின் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து அதை எளிதில் இரட்டிப்பாக்கும்.

அப்படியானால் எங்கே இது வேலை செய்யும்? ஹைட்ரஜனை வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தால், அல்லது அதை அங்கேயே வேறு பொருளாக்க முடிந்தால். வரலாற்றில் இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது, அது புவிவெப்பத்தில் இல்லை, நீர்மின்சாரத்தில். நார்வேயின் ருகான் பள்ளத்தாக்கில் அருவியிலிருந்து ஏராளமான மின்சாரம் எடுக்க முடிந்தது, அதை வாங்க அங்கே யாரும் இல்லை. 1911-லிருந்து அதை வைத்து அங்கேயே உரம் செய்தார்கள். 1929-ல் வேமோர்க்கில் மின்னாற்பகுப்பு ஆலை தொடங்கி, அந்த ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கினார்கள். பல பத்தாண்டுகள் அது ஓடியது. பள்ளத்தாக்கை விட்டு வெளியே போனது உர மூட்டை. புவிவெப்பத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கி. புவிவெப்ப நிலையம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் மின்னாற்பகுப்பு ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் செய்யும் ஆலை அங்கே 2012-ல் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 4,000 டன் வரை எடுக்கும் திறனுக்குப் பின்னால் விரிவாக்கப்பட்டது. மெத்தனால் சாதாரண வெப்பநிலையிலேயே திரவம், சாதாரண டேங்கர் லாரியில் போகும். அம்மோனியாவும் மைனஸ் 33 டிகிரியிலோ மிதமான அழுத்தத்திலோ திரவமாகிவிடும், உலகம் முழுக்க அதைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நச்சுத்தன்மை அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு நடுவே வைக்கிற ஆலை இல்லை அது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நியூசிலாந்தின் மோகாய். அங்கே நிலமும் புவிவெப்ப வயலும் துவாரோபாகி என்ற மாவோரி அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன. முதலில் மின்நிலையம் வந்தது. அப்புறம் பசுமைக்குடில்கள், 2011-ல் புவிவெப்ப நீராவியில் பாலைப் பொடியாக்கும் தொழிற்சாலை. இவை எல்லாம் நிலைபெற்ற பிறகுதான், ஒரு ஜப்பானியக் கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 1.5 மெகாவாட் அளவில் ஹைட்ரஜன் ஆலை வைத்தார்கள், அது 2021-ல் திறக்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள். வெப்பம், மின்சாரம், உள்ளூர்த் தொழில், கடைசியில் ஹைட்ரஜன். அதுவும் முன்னோட்ட அளவில். மேலும் மோகாய் மின்கட்டமைப்போடு இணைந்த இடம், ஹைட்ரஜன் விற்காத நாளிலும் மின்சாரம் விற்கும். உங்கள் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை.

பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவையும் பாருங்கள். அங்கே தங்கச் சுரங்கமே ஒரு எரிமலையின் சூடான வயிற்றுக்குள் இருக்கிறது. பாறையிலிருந்து நீராவி அழுத்தத்தைக் குறைத்தால்தான் தோண்டவே முடியும். அந்த நீராவியை வைத்து 2003-ல் சிறியதாகத் தொடங்கி 56 மெகாவாட் வரை கொண்டுபோனார்கள், முழுவதும் சுரங்கத்துக்கே. மின்சாரத்தை வாங்குபவர் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தார், அதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். உங்கள் பகுதியில் சுரங்கமோ, குளிர்பதனக் கிடங்கோ, மரம் உலர்த்தும் ஆலையோ, எந்தப் பெரிய நுகர்வோராவது இருந்தால் ஹைட்ரஜனுக்கு முன்னால் அவர்களோடு பேசுங்கள். குளிர்ப் பிரதேசம் என்றால் டீசலின் பெரும்பகுதி மின்சாரத்துக்கா, வீட்டைச் சூடாக்கவா என்றும் கேளுங்கள். நிலையத்துக்குள் போய் வெளியே வரும் 70 டிகிரி வெந்நீரைக் குழாயில் வீடுகளுக்கு அனுப்பினால், மேலே சொன்ன 10 மெகாவாட்டில் சேராமல் அந்த நீரில் மிஞ்சியிருக்கும் வெப்பத்தில் கொஞ்சமாவது பயன்படும். சிறிய வயல்களில் இதுதான் பல நேரம் மின்சாரத்தைவிடப் பெரிய லாபம்.

எலக்ட்ரோலைசருக்குத் தண்ணீரும் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர், சுத்திகரிப்பில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகலாம். நிலையத்தில் குளிர்ந்த நீராவித் தண்ணீரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பயன்படுத்தலாம், ஆனால் அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் போரானும் கலந்து வரும். எலக்ட்ரோலைசரின் சவ்வு இவற்றைக் கொஞ்சமும் பொறுக்காது. சுத்திகரிப்பைச் சின்னச் செலவாக நினைத்து ஓரத்தில் எழுதாதீர்கள்.

இப்போது சந்தேகத்துக்குரியவை. முதலாவது, உங்கள் ஊற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. ஊற்று நீரிலுள்ள சிலிக்காவையும் சோடியம், பொட்டாசியம் விகிதத்தையும் வைத்து அடியிலுள்ள வெப்பநிலையை மதிப்பிடலாம். நிலத்தின் மின்தடையை அளக்கும் மேக்னட்டோடெலூரிக் ஆய்வு தேக்கத்தின் வடிவத்தை ஓரளவு காட்டும். ஆனால் பாறையில் தண்ணீர் ஓடுமா என்பதைத் துளை போடாமல் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி 2013-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளின் பதிவுகளை ஆராய்ந்தது. ஒட்டுமொத்தமாக நான்கில் மூன்றுக்கு மேல் வெற்றி, ஆனால் புதிய வயலின் முதல் கிணறுகளில் ஏறக்குறைய பாதிதான். 2 கிலோமீட்டர் ஆழக் கிணறு ஒன்றுக்குப் பல மில்லியன் டாலர் ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வங்கிக் கடனில் முதல் கிணற்றைத் தோண்ட எந்த வங்கியும் பணம் தராது. அந்தக் கட்டம் மானியத்திலோ அரசின் இடர்ப்பகிர்வு நிதியிலோதான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, செயற்கையாகப் பாறையை உடைத்து நீர் ஓடவிடும் முறை. வெந்நீர்த் தேக்கம் இல்லாத சூடான பாறையிலும் இது பயன்படும் என்பதால் எல்லோருக்கும் ஆசை. 2023-ல் நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் விநாடிக்கு 60 லிட்டருக்கு மேல் ஓடவிட்டுக் காட்டியது நிஜமான முன்னேற்றம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் 2006-ல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இதே முறையால் வந்த 3.4 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் திட்டம் நின்றது, 2017-ல் தென்கொரியாவின் போஹாங்கில் 5.5 அளவு நிலநடுக்கம் நேர்ந்தது. அத்தோடு இந்த முறைக்கு வேண்டிய பம்பு வண்டிகளின் பட்டாளத்தை உங்கள் மலைச்சாலையில் ஏற்றுவது இப்போதைக்கு நடவாத காரியம். மூன்றாவது, நீராவியைப் பிளக்கும் உயர்வெப்ப எலக்ட்ரோலைசர். அது கிலோவுக்கு 40 கிலோவாட் மணிக்குப் பக்கத்தில் கொண்டுவரும். புவிவெப்ப நீராவி அதற்குத் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பத்தைத் தந்துவிடும், ஆனால் அது ஓடும் 700, 800 டிகிரியைத் தராது. அதன் அடுக்குகள் எத்தனை வருடம் தாங்கும் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. பழுது பார்க்க ஆள் வரவே நாளெடுக்கும் இடத்தில் அதை வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊற்றைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. வைராகேயில் உற்பத்தி தொடங்கிய பிறகு பக்கத்துக் கீசர் பள்ளத்தாக்கில் பீறிட்டுக்கொண்டிருந்த ஊற்றுகள் அடங்கிப்போயின. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஓஎன்ஜிசி 2022-ல் துளையிட்டபோது நிலத்தடித் திரவம் வெளியேறி ஓடையில் கலந்து வேலை நிறுத்தப்பட்டது. எடுத்த நீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தும் கிணறு முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த ஊற்றில் குளிக்கிறவர்கள், அதைத் தெய்வமாக நினைக்கிறவர்கள், கால்நடைக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் யாரென்று பார்த்து, ரிக் வருவதற்கு வெகு முன்னாலேயே அவர்களிடம் நடக்கக்கூடியதை நேராகச் சொல்ல வேண்டும். ஊற்று வற்றலாம் என்பதையும் சேர்த்துத்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். ஒரு வருடம் ஊற்றுகளின் வேதியியலையும் ஓட்டத்தையும் பருவந்தோறும் அளப்பேன், கூடவே ஊரின் டீசல் கணக்கை மாதவாரியாக, மின்சாரம் தனி வெப்பம் தனியாக, எடுப்பேன். மதிப்பீடு 120 டிகிரியைத் தாண்டினால், சிறிய ரிக்கால் போடக்கூடிய குறுகலான ஆய்வுத்துளை ஒன்றுக்கு மானியம் கேட்பேன். அத்தகைய ரிக்கைப் பிரித்து ஹெலிகாப்டரில்கூடக் கொண்டுபோகலாம், செலவும் முழுக்கிணற்றில் ஒரு பங்குதான். அதில் வெப்பநிலையும் நீரோட்டமும் உறுதியானால் 1 அல்லது 2 மெகாவாட் பைனரி நிலையம், வெந்நீர்க் குழாய், ஒரு மீள்செலுத்தும் கிணறு. டீசல் ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம், பராமரிப்பு நாட்களுக்கு அது வேண்டும். தொடக்கத்திலிருந்து மின்சாரம் வரை 7 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாலை மோசமென்றால் இன்னும் கூடும். ஹைட்ரஜனுக்கு அந்தத் திட்டவரைவில் ஆலைக்கான இடம் மட்டும் ஒதுக்குவேன். தேக்கம் மூன்று நான்கு வருடம் எப்படி அழுத்தத்தைக் காத்துக்கொள்கிறது என்று பார்த்தபிறகு, மெத்தனாலோ அம்மோனியாவோ நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க ஒருவர் கையெழுத்திட்டால், அப்போது இரண்டாவது உற்பத்திக் கிணறு. ஊற்று நீரின் பரிசோதனை முடிவு ஏற்கெனவே கையில் இருந்தால் சிலிக்கா, சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு அளவுகளையும், மாதிரி எடுத்த இடத்து வெப்பநிலையையும் அமில காரத் தன்மையையும் இங்கே எழுதுங்கள். அடியிலுள்ள வெப்பநிலைக்கு ஒரு முதல் மதிப்பீடு செய்து சொல்கிறேன்.